குழியானையும் நீர்த்தேளும்

ஜூலை 4, வெள்ளி

குழியானைத் தட்டுகள் இருபது. நீர்த்தேள் தொட்டிகள் பத்து. பாதிக்குச் சாப்பாடு உண்டு, பாதிக்கு இன்று முதல் பட்டினி. குழியானைப் புழு காய்ந்த மணலில் புனல் மாதிரி குழி வெட்டி அடியில் புதைந்திருக்கும். எறும்பு சரிந்து விழுந்தால் கொடுக்கால் கவ்வி உறிஞ்சும். நீர்த்தேள் என்ற பூச்சி குளத்துப் பாசியில் அழுகிய சருகு போலக் கிடக்கும். மீன்குஞ்சு பக்கத்தில் வந்தால் முன்கால்களால் அணைத்து உறிஞ்சும். இருப்பிடம் நேர்மாறு, சாப்பிடும் விதம் ஒன்று. பசித்தால் இரண்டில் எது முதலில் இடத்தை விட்டு எழுந்து போகும்? இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கத்தான் அறக்கட்டளைக்காரர்கள் தேரி ஓரத்தில் இந்த இரண்டு அறைக் கட்டடத்தையும் ஒரு வருஷச் சம்பளத்தையும் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கெட்டும் வரை தேரியின் சிவப்பு மணல் மேடு, நடுநடுவே பனை. மேட்டின் கீழே வற்றாத ஒரு சுனை. குழியானை மேலிருந்து, நீர்த்தேள் கீழிருந்து. இரண்டுக்கும் நடுவே அரை கிலோமீட்டர்கூட இல்லை.

அல்லிக்கு எட்டு வயது. உள்ளூர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன். மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்க நடையாய் நடந்தேன். சமையலுக்கும் துப்புரவுக்கும் சுயம்புக்கனி அக்கா வருகிறார். ஊரில் எனக்கு அதற்குள் பூச்சி டீச்சர் என்று பெயர் விழுந்துவிட்டது.

ஒரு விஷயத்தை எழுதி வைத்துக்கொள்கிறேன், மறக்காமல் இருக்க. நான் இங்கே இருப்பது அல்லியின் அப்பாவுக்குத் தெரியாது. தெரியக் கூடாது. தெரிந்தால் அல்லி எனக்கு இல்லை.

தொட்டி கழுவும்போது தண்ணீர் சில்லென்று பட்டால் இடது மணிக்கட்டு வலிக்கிறது. மார்ச் மாதம் விழுந்தது, இன்னும் சரியாகவில்லை.

ஜூலை 5, சனி

பட்டினி இரண்டாம் நாள். எதுவும் நகரவில்லை. நானும்தான்.

ஜூலை 9, புதன்

ஆடி பிறக்கும் முன்பே காற்று ஆரம்பித்துவிட்டது. சோற்றில் மணல், படுக்கையில் மணல், பல்லில் மணல். தட்டுகளைக் கண்ணாடி போட்டு மூடினேன். குழியானைக்கு மட்டும்தான் இந்த ஊரில் குறை ஒன்றும் கிடையாது.

சுயம்பு அக்கா துணி பிழிந்துகொண்டே கேட்டார்: “டீச்சர், ஒங்க வீட்டுக்காரவிய போனே பண்ண மாட்டாவளோ?”

“வெளிநாட்டுல இருக்காங்க அக்கா.”

“எந்த நாட்டுல?”

ஒரு கணம் எந்த நாடும் வாயில் வரவில்லை. பிறகு மஸ்கட் என்றேன். அவர் துணியை உதறிக் கொடியில் போட்டார். “மஸ்கட்டுலயும் போன் உண்டும் டீச்சர். எங்க அண்ணன் பண்ணுதான்லா,” என்றார். பொய் சொல்லத் தெரியாதவள் ஊரை விட்டு ஓடி வரக் கூடாது.

ஜூலை 15, செவ்வாய்

நாளை எழுதலாம் என்று நோட்டை மூடி வைத்தேன். ஆனாலும் அன்றைய குறிப்பை அன்றே எழுத வேண்டும்.

தபால்காரர் ஒரு அட்டைப்பெட்டி கொடுத்தார். வந்த முதல் வாரத்திலேயே சிறகு முளைத்து வெளியே வந்த மூன்று குழியானைகளை ஊசி குத்திப் பெங்களூரில் உள்ள ஒரு வயதான நிபுணருக்கு, என்ன இனம் என்று கேட்டு அனுப்பியிருந்தேன். அவைதான் திரும்பி வந்திருக்கின்றன என்று சந்தோஷமாகப் பிரித்தேன். பெட்டியில் நான் விட்டு வந்த மதுரையின் முத்திரை இருந்ததை அப்போது கவனிக்கவில்லை.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. பூச்சி குத்திய ஊசியிலேயே, பூச்சிக்குக் கீழே ஒரு சின்ன லேபிள் இருக்க வேண்டும்: பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர். அது இல்லாத பூச்சி வெறும் குப்பை. இனம் கண்டு சொல்பவர் அந்த லேபிளைக் கழற்றக் கூடாது. அதற்குக் கீழே தன் லேபிளைக் குத்த வேண்டும்.

மூன்று ஊசிகளிலும் என் லேபிளுக்குக் கீழே இன்னொரு லேபிள். கடுகு கடுகான எழுத்து. இனத்தின் பெயர். அதன் அடியில்: “இனம் கண்டவர்: தெ. சிகாமணி.”

அல்லியின் அப்பா.

பெட்டியில் கடிதம் எதுவும் இல்லை. பெங்களூர்க்காரர், பாவம், தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் அனுப்பியிருக்கிறார். தெற்கே குழியானைக்கு நிபுணர் என்றால் அவர் ஒருவர்தான். எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் பெங்களூரோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

லேபிளில் என் பெயரைப் போடாமல் விட்டிருக்கலாம். ஊர்ப் பெயரை மாற்றியிருக்கலாம். புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு அப்பாவின் முதலெழுத்தைப் போட்டு “ச. மங்கை” என்று எழுதினேன். ஊர், தாலுகா, சுனையிலிருந்து எத்தனை மீட்டர் வடக்கே என்பது வரை எழுதினேன். பொய் லேபிள் எழுதக் கை வரவில்லை. பதினோரு வருஷம் அப்படிப் பழக்கியவர் அவர்தான்.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? போலீசில் போய், “என் கணவர் ஒரு லேபிள் குத்தி அனுப்பியிருக்கிறார்” என்றா?

ஜூலை 16, புதன்

சுயம்பு அக்காவிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் அல்ல. விட்டுவிட்டு வந்தேன், அவருக்கு இடம் தெரிந்துவிட்டது என்று மட்டும்.

“மஸ்கட்டுன்னு சொன்னப்பமே தெரியும்,” என்றார். “இப்பம் என்ன செய்யப் போறிய?”

“அவர் வரமாட்டாரு அக்கா. தேடிப் போற ஆள் இல்ல.”

இதை நான் தைரியத்துக்காகச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னேன். இரண்டு முறை அம்மா வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போயிருக்கிறேன். ஒரு தடவைகூட அவர் வரவில்லை, போன் செய்யவில்லை. சம்பளம் போகும் வங்கிக் கணக்கு அவரிடம், சான்றிதழ்கள் அவரிடம், என் ஆய்வேட்டில் வழிகாட்டியாகக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர். பத்தாம் நாள் நானே பஸ் ஏறித் திரும்பிப் போனேன். “வா மங்கை, காபி இருக்கு,” என்றார், காலையில் கடைக்குப் போனவளிடம் சொல்வது போல. அவர் குழியானை. தான் நகராமல் நம்மைச் சரிய விடுவார்.

நீர்த்தேள் வேறு ரகம். பார்க்க அதைவிடச் சோம்பேறி. நாள் முழுக்கச் சருகு மாதிரி கிடக்கும். ஆனால் அதற்குச் சிறகு உண்டு. குளம் வற்றினால் எழுந்து பறந்து அடுத்த தண்ணீருக்குப் போய்விடும். குழியானைப் புழுவுக்குச் சிறகு கிடையாது, மாதக்கணக்கில் பட்டினி கிடக்கத் தெரியும். ஆகவே அவர் வரமாட்டார்.

ஜூலை 21, திங்கள்

காற்று. பட்டினி பதினெட்டாம் நாள். ஒன்றும் நடக்கவில்லை. கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போடச் சொன்னேன், காற்றுக்காக.

ஜூலை 24, வியாழன்

காலை ஏழு மணிக்குத் தட்டுகளைப் பார்த்தேன். பட்டினித் தட்டு ஏழில் குழி இல்லை. சரிந்து மூடிக் கிடந்தது. அங்கிருந்து ஒரு கோடு கிளம்பி, வளைந்து வளைந்து, தட்டின் அடுத்த மூலைக்குப் போயிருந்தது. மூலையில் புதிதாக ஒரு குழி. பழையதைவிடப் பெரியது.

கோட்டை அளந்தேன். ஒரு மீட்டர் பதினெட்டு சென்டிமீட்டர். நீர்த்தேள்கள் ஐந்தும் போட்ட இடத்திலேயே கிடக்கின்றன.

ஆய்வுக்கு இது நல்ல செய்தி. அறக்கட்டளைக்கு எழுதினால் பாராட்டுவார்கள். நான் போய்க் கதவின் புதுத் தாழ்ப்பாளையும் சேர்த்துப் போட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

அல்லியைப் பள்ளிக்கு நானே கொண்டுபோய் விடுகிறேன், நானே கூட்டி வருகிறேன். “ஏன்மா தெனமும் வர்ற?” என்று கேட்டாள். நடந்தால் உடம்புக்கு நல்லது என்றேன். போகும் வழியில் டீக்கடையில் புதிய முகம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். வெள்ளைச் சட்டை போட்டவர்கள் எல்லோரும் முதுகுப்பக்கம் அவர் மாதிரியே இருக்கிறார்கள். இன்று தேங்காய் வியாபாரி ஒருவரைப் பார்த்துவிட்டு அல்லியை இழுத்துக்கொண்டு உடைமரத்துக்குப் பின்னால் ஒளிந்தேன். முள் குத்தி அவள் பாவாடை கிழிந்தது.

ஜூலை 29, செவ்வாய்

சுயம்பு அக்கா இன்று என் கையைப் பிடித்துப் பார்த்தார். எலும்பு கூடிய இடத்தில் புடைப்பு இருக்கிறது.

“எப்பிடி விழுந்திய?”

“படியில.”

“படியில விழுந்தா முட்டியும் மொகமுமில்லா அடிபடும்,” என்றார். அப்புறம் கையை விட்டுவிட்டு அரிசி களையப் போனார்.

சரி. எழுதிவிடுகிறேன். இது என் நோட்டு. நான் விழவில்லை. மார்ச் 12 அன்று ஒரு லேபிளில் தேதியைத் தவறாக எழுதிவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை, ஒருநாளும் போட்டதில்லை. என் கையைப் பிடித்து முறுக்கினார். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. பிறகு அவரே ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார், டாக்டரிடம் படியில் விழுந்துவிட்டாள் என்றார். ஆட்டோவில் என் தலையைத் தன் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டார். மே மாதக் கடைசியில் அவர் டெல்லிக் கருத்தரங்குக்குப் போன அன்று இரண்டு பைகளோடு கிளம்பி வந்தேன்.

அல்லி மேல் அவர் கை வைத்ததில்லை. பாடம் சொல்லிக்கொடுப்பார், அவ்வளவுதான். அவள் அப்பா செல்லம்.

ஜூலை 31, வியாழன்

அல்லியிடம் புதுப் பென்சில் ஒன்று இருக்கிறது, கூராகச் சீவியது. கேட்டதற்கு டீச்சர் கொடுத்ததாகச் சொன்னாள். கையெழுத்து திடீரென்று திருந்தியிருக்கிறது, ஒவ்வொரு எழுத்தும் கோட்டின் மேல் நிற்கிறது. பார்க்கலாம் என்று நோட்டைக் கேட்டால் பையில் திணித்துக்கொண்டாள். ஓரமாகச் சிவப்பு மை தெரிந்தது. டீச்சர் கண்டிப்பானவர் போல. நல்லதுதான்.

சாப்பிடும்போது தட்டில் விரலை வைத்து ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள். “அஞ்சு,” என்றாள் தனக்குள். ஐந்தாம் வாய்ப்பாடு படிக்கிறாளா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பட்டினி இருபத்தொன்பதாம் நாள். தட்டு ஏழைத் தவிர மற்ற ஒன்பதும் அங்கங்கேயே இருக்கின்றன. ஒன்றுதான் நகர்ந்தது. பத்தில் ஒன்று என்பது விதிவிலக்கு. அதை நினைத்துப் பயப்படக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அல்லி சோற்றைப் பாதியில் வைத்துவிட்டாள். “ஏழு,” என்றாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பள்ளி விட்டு வரும் வழியில் அல்லி சொன்னாள். நான் கேட்கவே இல்லை. சும்மா கையைப் பிடித்து நடந்து வந்தவள் சட்டென்று நின்றுவிட்டாள்.

“அம்மா, ஒண்ணு சொன்னா திட்டுவியா?”

“இல்லடா.”

“அப்பா வந்திருக்காங்க.”

அதற்குப் பிறகு அவள் சொன்னது எல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போலக் கேட்டது. புதன்கிழமையிலிருந்து நான்கு நாளாக மதிய உணவு நேரத்தில் பள்ளிக்கு வருகிறார். காலையும் மாலையும்தானே நான் காவல். அவருக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது. டீச்சர் அவருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவள் வீட்டுப்பாடத்தைத் திருத்துகிறார். திருச்செந்தூரில் லாட்ஜில் தங்கியிருக்கிறார்.

“அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. சொன்னா அம்மா பயந்துடுவான்னு.”

“வேற என்ன சொன்னாங்க?”

அல்லி குனிந்துகொண்டாள். செருப்பால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டேன். எட்டு வயதுப் பிள்ளை கனக்கிறாள். வீடு வரை தூக்கிக்கொண்டே வந்தேன். பயமாக இருக்கிறது. இதைத் தவிர வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய், முற்பகல் 11.20
இடம்: கள ஆய்வு நிலையம், முன் அறை, மேஜை
எழுதுபவர்: முனைவர் தெ. சிகாமணி

மங்கை, உன் நோட்டை முழுவதும் படித்தேன். வெளியே போகும்போது கதவைப் பூட்ட வேண்டும் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். அவதானிப்புகள் மோசமில்லை. நடை வளவளவென்று இருக்கிறது. பிழைகளைச் சிவப்பில் கோடிட்டிருக்கிறேன்.

ஜூலை 16: குழியானை நகராது என்று எழுதியது தவறு. நீண்ட பட்டினியில் சில புழுக்கள் இடம் மாறும். என் கட்டுரை ஒன்றிலேயே இது இருக்கிறது. நீதான் தட்டச்சு செய்தாய். ஒன்பது தட்டுகளை வைத்து ஒன்றை விதிவிலக்கு என்று தள்ளியதும் தவறு. நகர்கிற ஒன்றைத்தான் கவனிக்க வேண்டும்.

ஜூலை 29: தேதி தவறு. மார்ச் 12 அல்ல, 14. வெள்ளிக்கிழமை. அன்று துறைக் கூட்டம் இருந்தது. “முறுக்கினார்” என்பதும் தவறான சொல். நான் முறுக்கவில்லை. கதவுக்கும் நிலைக்கும் நடுவே உன் கையை வைத்து அழுத்தினேன். முறுக்கினால் எலும்பு வேறு விதமாக உடையும். எக்ஸ்ரேயைப் பார்த்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். கவனமில்லாமல் எழுதுவது உன் பழைய குணம்.

அல்லியின் எழுத்து உன்னிடம் வந்து கெட்டுப்போயிருந்தது. இப்போது தேறுகிறது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கார் வரும். பள்ளியில் பேசிவிட்டேன். தட்டுகளைக் கலைக்காதே, மதுரையில் தொடரலாம். தட்டு ஏழுக்கு ஒரு எறும்பு போட்டேன்.

ஆகஸ்ட் 5, மாலை

மேலே உள்ள சிவப்பு மை என்னுடையது அல்ல. அல்லியைக் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியையைப் பார்க்கப் போயிருந்தேன். “தகப்பனார்தானே மேடம்? எவ்ளோ தன்மையான மனுஷன். நீங்க ஏன் இப்டி நடுங்குறீங்க?” என்று எனக்குத் தண்ணீர் கொடுத்தார். சுயம்பு அக்கா தொட்டிகளுக்குத் தண்ணீர் எடுக்கச் சுனைக்குப் போயிருந்தார், கதவைச் சும்மா சாத்திவிட்டு. அந்த நேரத்தில் அவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, இந்த மேஜையில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளி வைத்திருக்கிறார்.

எனக்கு முதலில் கோபம் வந்தது அந்த எறும்புக்காகத்தான். ஒரு மாதப் பட்டினி, ஒரே ஒரு நகர்ந்த புழு, அதைக் கெடுத்துவிட்டார்.

பிறகு காலண்டரைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தேன். மார்ச் 14 வெள்ளிக்கிழமைதான். துறைக் கூட்டமும் அன்றுதான். அவர் சொன்னதுதான் சரி. என் குறிப்பின் ஓரத்தில் 14 என்று திருத்தி எழுதினேன். எழுதிவிட்டுத் துணிமணிகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தேன். எங்கே போக என்று தெரியாமல்தான் அடுக்கினேன். பாதியில், மதுரைக்குத்தான் அடுக்குகிறேனோ என்று சந்தேகம் வந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

சுயம்பு அக்கா காலையில் பைகளைப் பார்த்தார். நோட்டை அவரிடம் நீட்டினேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். சிவப்புப் பகுதியை விரல் வைத்து, வாய்விட்டு மெல்லப் படித்தார். கதவு, நிலை என்ற இடத்தில் நிறுத்தினார். அதையே மறுபடி படித்தார்.

“டீச்சர், இத அவனேவா எழுதுனான்?”

“ஆமா அக்கா. தேதி நான்தான் தப்பா எழுதிட்டேன். அவர் சொன்னதுதான்...”

“தேதி கெடக்கு கழுத!” என்று கத்தினார். இதுவரை அவர் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. “பேரு போட்டு, நாளு போட்டு, மணி போட்டு, ஒங்க கைய ஒடச்சேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கான். இதக் கையில வச்சிக்கிட்டுப் பொட்டி கட்டுதியளா? நாளைக்கு மொத பஸ்ஸுக்குப் போறோம். மகளிர் ஸ்டேஷனுக்கு.”

நான் மறுபடி படித்தேன். நூறு முறை படித்திருப்பேன், எனக்கு அது ஒரு திருத்தமாக மட்டும்தான் தெரிந்தது. அல்லியின் அப்பாவால் தப்பைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது. நான் தவறாக எழுதியதைச் சரிசெய்யாமல் அவரால் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடிந்திருக்காது. அது எனக்குத் தெரியும். ஆனால் அதை இன்னொருவர் படிப்பார் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

கோர்வையாக எழுத முயல்கிறேன்.

எட்டரை மணிக்கெல்லாம் ஸ்டேஷனில் இருந்தோம். நான், அல்லி, சுயம்பு அக்கா. அல்லியை விட்டுவிட்டு வர இடமில்லை. பள்ளிப் பையோடு வந்தாள். இன்ஸ்பெக்டர் என் வயதுப் பெண். நோட்டை வாங்கி நிதானமாகப் படித்தார். லாட்ஜுக்குப் போன் போட்டு அவரை வரச் சொன்னார். நான் பின் வாசல் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

அவர் முக்கால் மணி நேரத்தில் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. இன்ஸ்பெக்டருக்கு வணக்கம் சொன்னார். அல்லியைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்த்து, “சாப்பிட்டியா மங்கை?” என்றார். பதினோரு வருஷப் பழக்கம், “சாப்பிட்டேன்” என்று என் வாய் சொல்லிவிட்டது.

“சார், இது உங்க கையெழுத்தா?”

வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். முகத்தில் வருத்தம் வந்தது. நிஜ வருத்தம் மாதிரியே இருந்தது.

“என் எழுத்து மாதிரி இருக்கு மேடம். ஆனா நான் எழுதல. இவங்களுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல. என் எழுத்த அச்சு அசலாப் போடுவாங்க. பதினோரு வருஷமா என் லேபிள் எல்லாம் இவங்கதான் எழுதுனாங்க. வேணும்னா கேட்டுப் பாருங்க.”

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். “உண்மையாம்மா?”

உண்மைதான். ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன், அவருடைய கடுகு எழுத்தில். அவர் கண் வலிக்கக் கூடாது என்று. “உண்மைதான்,” என்றேன். சுயம்பு அக்கா தலையில் அடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் நோட்டை மூடி மேஜை மேல் வைத்தார். அந்த மூடுகிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நாளைக்குக் கார் வரும், நான் ஏறுவேன், அல்லியும் ஏறுவாள். அழக்கூட வரவில்லை.

“அப்பாதான் எழுதுனாங்க.”

அல்லி. பெஞ்சில் கால் எட்டாமல் உட்கார்ந்திருந்தவள் இறங்கி நின்றிருந்தாள். பையைத் திறந்து தமிழ் நோட்டை எடுத்து இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்புக் கோடு, ஓரத்தில் கடுகு எழுத்தில் திருத்தம், கீழே தேதியும் மணியும்.

“இது ஸ்கூல்ல வச்சுப் போட்டது. டீச்சர் பக்கத்துலதான் நின்னாங்க.”

“அல்லி,” என்றார் அவர். குரல் உயரவில்லை. “நோட்ட எடுத்து உள்ள வை.”

அவள் நோட்டை எடுக்கவில்லை. அவர் முன்னால் போய் நின்றாள். இரண்டு கைகளையும், புறங்கை மேலே தெரிய, விரல்களைச் சேர்த்து வைத்து நீட்டினாள். கண்களை இறுக மூடிக்கொண்டாள். யாரும் அவளை அப்படி நிற்கச் சொல்லவில்லை. எத்தனை நாள் பழக்கமோ, அவ்வளவு ஒழுங்காக நின்றாள்.

நான் பார்த்ததே இல்லை. பாடம் சொல்லிக்கொடுக்கும்போது அவர் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். நான் அந்த நேரத்தில் வெளியே உட்கார்ந்து லேபிள் எழுதிக்கொண்டிருப்பேன். ஒருநாளும் கதவைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்கப் பயந்தேன் என்று இன்றுதான் எழுதுகிறேன்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். அவள் பக்கத்தில் குனிந்தார். “எதுக்குக் கண்ணு கைய நீட்டுற?”

அல்லி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

“ஒம்போது தப்பு இருக்கு. ஊருக்குப் போனதும் மொத்தமாத் தரேன்னு சொன்னாங்க. இங்கயே வாங்கிக்கிட்டா ஊருக்குப் போக வேண்டாம்ல?”